நாரி பிடித்தவர் பாரம் தூக்கலாமா?

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு காலை, புதிய கேஸ் சிலிண்டரைக் குசினிக்குள் வைக்கக் குனிந்த நான், நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். 12.5 கிலோ கேஸ் என்கிறோம். இரும்போடு சேர்த்தால் 25 கிலோவைத் தாண்டும். அதன்பிறகு பல மாதங்கள் நாரிப் பட்டி, எண்ணெய், படுக்கை என்றே கழிந்தன. நோ குறைந்தது, பயம் குறையவில்லை. மகளின் இரண்டு வயதுப் பிள்ளை "மூத்தாப்பா தூக்குங்க" என்று கையை நீட்டினால், "உம்மாட்ட போங்க" என்று அனுப்பிவிடுவேன்.

எனக்குப் பிசியோதெரபி செய்தவர் ஒருநாள் சொன்னார்: "உங்கட முதுகுதான் எல்லா வேலையும் செய்யுது. இடுப்பு சும்மா இருக்குது." எமது உடலில் மிகப் பலமான தசைகள் பிட்டத்திலும் தொடையின் பின்புறத்திலும் இருக்கின்றன. நாமோ முதுகை வில்லாக வளைத்து, அந்தச் சின்னத் தசைகளால் அரிசி மூடையை இழுக்கிறோம். படுத்தே கிடந்தால் இரண்டும் இன்னும் பலவீனமாகும்.

அவர்தான் கெட்டில்பெல்லைக் காட்டினார். கைபிடி வைத்த இரும்புக் குண்டு. ரஷ்யாவின் சந்தைகளில் தானியம் நிறுக்கப் பயன்பட்ட படிக்கல்தான் பின்னர் உடற்பயிற்சிக் கருவியானது. அங்குள்ள பழைய நிறை அலகான 'பூட்' ஏறக்குறைய 16 கிலோ. இன்றும் 16 கிலோ குண்டு பிரபலமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

2011இல் வெளியான ஓர் ஆய்வில் 40 பேர் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பகுதியினர் 8 வாரங்கள், வாரத்துக்கு மூன்று தடவை கெட்டில்பெல் பயிற்சி செய்தார்கள். அவர்களின் கழுத்து, தோள், நாரி நோ குறைந்தது. முதுகுத் தசையின் பலம் கூடியது. ஆனால் கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டுவர்ட் மெக்கில் 2012இல் எழுதிய கட்டுரை இன்னொரு பக்கத்தையும் சொல்கிறது. குண்டை வீசி ஆட்டும் 'ஸ்விங்' பயிற்சியில் முள்ளெலும்புகள் மீது விழும் விசை, சாதாரணமாகப் பாரம் தூக்கும்போது விழும் திசைக்கு எதிர்த் திசையில் அமைகிறது. சிலருக்கு அது சுகம் தருவதற்கும் சிலருக்கு நோவைக் கிளப்புவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்கிறார். ஆகவே காணொளியைப் பார்த்துவிட்டு முதல் நாளே குண்டை வீச வேண்டாம்.

முதலில் குனியப் பழகுங்கள். இரண்டு கையிலும் சாமான் பை இருக்கும்போது பின்னால் உள்ள கதவைப் பிட்டத்தால் தள்ளி மூடுவோம் அல்லவா? அதே அசைவுதான். முழங்கால் சற்று மடியும், பிட்டம் பின்னே போகும், முதுகு பலகை மாதிரி நேராக இருக்கும். கணுக்கால்களுக்கு நடுவில் உள்ள குண்டைப் பிடித்து, வயிற்றை இறுக்கி, குதிக்காலால் நிலத்தை அழுத்தி எழும்புங்கள். ஐந்து தடவை செய்தால் ஓய்வு. எனக்கு ஒரு மாதம் இது மட்டும்தான். பிறகு குண்டை ஒரு கையில் பிடித்து, உடல் சரியாமல் இருபது எட்டு நடந்தேன். அடுத்து மறு கை. பார்க்க ஒன்றுமில்லாத வேலை, ஆனால் மறுநாள் விலாவில் தெரியும். ஸ்விங் எல்லாம் அதற்குப் பிறகு, ஒருவர் பக்கத்தில் நின்று திருத்தத்தான்.

8 கிலோவில் தொடங்கினேன், இப்போது 16. பேரப்பிள்ளை அதைவிடப் பாரம். தூக்குகிறேன்.

என் மனைவியும் செய்கிறா. ஜிம்முக்குப் போக விருப்பமில்லாத பெண்களுக்கு வீட்டில் ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். குண்டு வாங்க முடியாவிட்டால், கைபிடியுள்ள 5 லீற்றர் கேனில் தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பழகலாம். வீச மட்டும் கூடாது.

காலில் விறைப்பு, கால் பலம் இழத்தல், சிறுநீரை அடக்க முடியாமை இருந்தால் பயிற்சியை நினைக்காமல் உடனே வைத்தியரிடம் போங்கள். எலும்புத் தேய்வோ கட்டுப்படாத பிரஷரோ உள்ளவர்கள், வைத்தியரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.