நள்ளிரவு வியர்வையும் தொலைந்த உறக்கமும்: மாதவிடாய் நிற்கும் காலத்தில் நாம் அறிய வேண்டியவை

இரவு இரண்டு மணி. வீட்டில் எல்லோரும் உறங்குகிறார்கள். உம்மா மட்டும் எழுந்து, நனைந்துபோன நைட்டியை மாற்றிக்கொண்டு, மின்விசிறிக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சற்று நேரத்தில் உடம்பு குளிர ஆரம்பிக்கிறது, போர்வையைத் தேடுகிறார். மறுபடி கண்ணயர்வதற்குள் ஃபஜ்ர் பாங்கு கேட்டுவிடுகிறது. காலையில் யாராவது விசாரித்தால், "ஒண்ணுமில்லை, ராத்திரி ஒரே புழுக்கம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

நாற்பத்தைந்து வயதைக் கடந்த நம் வீட்டுப் பெண்கள் பலருடைய இரவுகள் இப்படித்தான் கழிகின்றன. கணவரிடம் சொல்லக் கூச்சம், பிள்ளைகளிடம் சொல்ல அதைவிடக் கூச்சம். இதையெல்லாம் மருத்துவரிடம் போய்ச் சொல்வதா என்ற தயக்கம் வேறு. மார்க்கத்தைக் கற்றுக்கொள்வதற்கு வெட்கம் தடையாக இருக்கவிடாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டிய செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. உடல்நலம் பற்றிக் கேட்டறிவதிலும் அந்தத் துணிவு நமக்குத் தேவை. எனவே இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசுவோம்.

வியர்வை எங்கிருந்து வருகிறது?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால், அதை மாதவிடாய் நின்றுவிட்ட நிலை, அதாவது மெனோபாஸ் என்கிறார்கள். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதையொட்டி வருகிறது. மேலை நாடுகளில் 51 வயதையொட்டி. ஆனால் தொல்லைகள் அந்த நாளில் தொடங்குவதில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மாதவிடாய் முறை தவறத் தொடங்கும். அப்போதே வியர்வையும் எட்டிப் பார்க்கும்.

சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இந்தக் காலத்தில் ஏறி இறங்கி, பிறகு குறைந்துவிடுகிறது. நம் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடலின் வெப்பத்தைக் கண்காணிக்கிறது. முன்பெல்லாம் உடல் சூடு சற்று ஏறினாலும் அது பொருட்படுத்தாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அதன் பொறுமை குறைந்துவிடுகிறது. மிகச் சிறிய சூட்டைக்கூடப் பெரிய வெப்பமாக எடுத்துக்கொண்டு, "உடனே குளிரச் செய்" என்று உடலுக்கு உத்தரவிடுகிறது. தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகமும் கழுத்தும் மார்பும் தகிக்கின்றன, வியர்வை கொட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஓரிரு நிமிடம் முதல் ஐந்து நிமிடம் வரை நீடித்துவிட்டு அடங்கும். வெப்பம் வெளியேறிவிட்டதால் பின்னாலேயே குளிர் நடுக்கமும் வரும். பகலில் வந்தால் திடீர் வெப்ப அலை. இரவில் வந்தால் இரவு வியர்வை. இரண்டும் ஒன்றுதான்.

இது எவ்வளவு காலம் நீடிக்கும்? சிலருக்குச் சில மாதங்கள். பலருக்கு ஏழு ஆண்டுகள் வரைகூட, சிலருக்கு அதற்கு மேலும். "பொறுத்துக்கொள், தானாகச் சரியாகும்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஏழு ஆண்டுகள் இரவு உறக்கம் இல்லாமல் ஒருவர் எப்படிப் பொறுத்துக்கொள்வார்?

கர்ப்பப்பையோடு இரு சினைப்பைகளையும் அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்ட பெண்களுக்கு ஹார்மோன் படிப்படியாகக் குறையாமல் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. அதனால் அவர்களுக்கு இந்தத் தொல்லை திடீரென்றும் கடுமையாகவும் வரும். சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் இதுபற்றிக் கேட்டுவிடுவது நல்லது.

எல்லா வியர்வையும் மெனோபாஸ் அல்ல

"வயசாச்சுல்ல, அதான்" என்று எல்லாவற்றையும் இந்தக் கணக்கிலேயே எழுதிவிடுவது ஆபத்து. நம் நாட்டில் இரவு வியர்வை என்றதும் நினைவுக்கு வர வேண்டிய இன்னொரு நோய் காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலை நேரக் காய்ச்சல், பசியின்மை, காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்திருந்தால் உடனே பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இதற்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வியர்வையும் படபடப்பும் வரும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நள்ளிரவில் சர்க்கரை அளவு மிகவும் இறங்கினால் வியர்த்துக் கொட்டும். அது உடனே கவனிக்க வேண்டியது. கழுத்திலோ அக்குளிலோ கட்டி தென்பட்டாலும் தள்ளிப்போடக் கூடாது. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் வியர்வையைத் தரக்கூடியவை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பிறகு சொட்டு இரத்தம் பட்டாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது சாதாரணக் காரணமாக இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் அதுவே. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். "மறுபடி மாதவிடாய் வந்திருக்கிறது" என்று நினைத்து மறைத்துவிட்டால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகும்.

வணக்க வழிபாடுகளில் எழும் சந்தேகங்கள்

உடல் நனைந்து எழும் பெண்களுக்கு வரும் முதல் சந்தேகம், "குளிப்பு கடமையாகிவிட்டதா?" என்பது. வியர்வை சுத்தமானது. அதனால் குளிப்பு கடமையாகாது, உளூவும் முறியாது. வியர்வை பட்ட உடையோடு தொழுவதும் கூடும். உறங்கி எழுந்ததால் உளூச் செய்துகொண்டால் போதும். குளிர்ந்த நீரில் குளித்தால் இதமாக இருக்கிறது என்றால் குளித்துக்கொள்ளலாம். கடமை என்று எண்ணித் துன்பப்பட வேண்டியதில்லை.

அடுத்தது, முறை தவறி வரும் இரத்தப்போக்கு. ஹனஃபி மத்ஹபில் ஹைளின் குறைந்த அளவு மூன்று நாள், அதிக அளவு பத்து நாள். ஷாஃபிஈ மத்ஹபில் குறைந்தது ஒரு பகலும் இரவும், அதிகபட்சம் பதினைந்து நாள். இந்த எல்லையைத் தாண்டி வருவது இஸ்திஹாளா எனும் தொடர் உதிரப்போக்கு. அந்த நாள்களில் தொழுகையும் நோன்பும் விடுபடாது. இந்த வயதில் கணக்கு குழம்பும் என்பதால், இரத்தம் தொடங்கும் நாளையும் நிற்கும் நாளையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஆலிமிடம் கேட்கவும் அது உதவும்; மருத்துவரிடம் காட்டவும் அதுவே முதல் ஆவணம்.

உறக்கத்தை மீட்கும் வழிகள்

முதலில் படுக்கையறை. பாலியஸ்டர் நைட்டியும் கனத்த மெத்தை விரிப்பும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். தளர்வான பருத்தி உடை, பருத்தி விரிப்பு, கனமான ஒரு போர்வைக்குப் பதில் மெல்லிய இரண்டு போர்வைகள் நல்லது. கைக்கெட்டும் தூரத்தில் மாற்று உடை, ஒரு துண்டு, தண்ணீர் இருக்கட்டும். விளக்கைப் போட்டு அலமாரியைத் தேடி அலைந்தால் மிச்சமிருக்கும் உறக்கமும் கலைந்துவிடும். வெளியே போகும்போது அணியும் புர்காவிலும் இதே கவனம் வேண்டும். வழுவழுப்பான கறுப்புத் துணிகள் பலவும் பாலியஸ்டர்தான். காற்றுப் போகும் இலகுவான துணியில் தைத்துக்கொள்ளலாம்.

அடுத்து உணவு. காரமான கறியும் சூடான தேநீரும் சிலருக்கு வெப்ப அலையைக் கிளப்பும். சிலருக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு வாரம் குறித்துப் பார்த்தால் தமக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துவிடும். பிற்பகலுக்குப் பிறகு தேநீரும் காபியும் வேண்டாம். இஷாவுக்குப் பிறகு நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டு அப்படியே படுக்கும் பழக்கத்தை வீடே சேர்ந்து மாற்றலாம். உடல் எடை அதிகமுள்ளவர்கள் எடையைக் குறைத்தால் வெப்ப அலையும் குறைகிறது. தினமும் அரை மணி நேர நடை உறக்கத்துக்கும் எலும்புக்கும் நல்லது.

மூன்றாவது, நேர ஒழுங்கு. இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் ஈடுபடுவதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று புகாரியில் வருகிறது. இன்றைய உறக்க மருத்துவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். அந்தி உறக்கம் இரவின் உறக்கத்தைத் தின்றுவிடும். இரவில் கைப்பேசி அதைத் தள்ளிப்போடும். நமக்கு ஃபஜ்ர் என்ற நிலையான எழும் நேரம் இருப்பது பெரிய உதவி. தமிழகத்தில் அது ஆண்டு முழுவதும் சுமார் ஒரு மணி நேர அளவுக்கே மாறுகிறது. ஃபஜ்ருக்குப் பிறகு மறுபடி படுத்து ஒன்பது மணி வரை உறங்கினால் அன்றிரவு உறக்கம் வராது. அதற்குப் பதிலாக லுஹரையொட்டி இருபது, முப்பது நிமிடம் கைலூலா எனும் பகல் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம், அது சுன்னத்தும்கூட.

நள்ளிரவில் விழித்து இருபது நிமிடம் போல உறக்கம் வராவிட்டால், படுக்கையில் புரண்டுகொண்டே இருக்க வேண்டாம். எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமருங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, இன்னும் மெதுவாக விடுங்கள். விரும்பினால் இரண்டு ரக்அத் தொழலாம், திக்ரு செய்யலாம். கண் சொருகும்போது படுக்கைக்குத் திரும்புங்கள். விழிப்பு வந்த நேரம் வணக்கத்துக்குப் பயன்பட்டால் அது நன்மையே. ஆனால் "தஹஜ்ஜுதுக்கு எழுப்பிவிடுகிறது, நல்லதுதானே" என்று சொல்லி, சிகிச்சை தேவைப்படும் ஒருவரை நாம் அப்படியே விட்டுவிடக் கூடாது. உறக்கத்தை மனிதர்களுக்கு ஓய்வாக ஆக்கியிருப்பதாக அல்லாஹ் தன் அருட்கொடைகளில் ஒன்றாகக் கூறுகிறான் (78:9). அந்த ஓய்வும் ஒரு பெண்ணின் உரிமைதான்.

மருத்துவத்தில் என்ன இருக்கிறது?

மேற்சொன்னவை போதாதபோது மருத்துவரிடம் போவதில் குறை ஏதுமில்லை. இதற்கு மிக நன்றாக வேலை செய்வது ஹார்மோன் சிகிச்சை. 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வுக்குப் பிறகு, இது மார்பகப் புற்றுநோயைத் தரும் என்ற அச்சம் உலகெங்கும் பரவியது. பின்னர் அதே தரவுகளை வயதுவாரியாகப் பார்த்ததில் தெளிவு கிடைத்தது. 60 வயதுக்கு உட்பட்டு, அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு இழப்பைவிடப் பயனே அதிகம். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் சேர்ந்த சிகிச்சையை நீண்ட காலம் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் அபாயம் சிறிதளவு கூடும் என்பதும் உண்மை. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது. மார்பகப் புற்றுநோய், இரத்தம் உறைதல், பக்கவாதம், கடும் கல்லீரல் நோய் வந்தவர்களுக்கு இது பொதுவாக ஏற்றதல்ல.

அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் உள்ளன. வென்லாஃபாக்ஸின், கபாபென்டின் போன்றவற்றை மருத்துவர்கள் தருவதுண்டு. எண்ணங்களையும் உறக்கப் பழக்கங்களையும் சீர்படுத்தும் மனநல ஆலோசனை முறையும் உறக்கமின்மைக்கு நன்றாக உதவுகிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். அது வியர்வையை நிறுத்தாது, பழக்கமாகிவிடும், நள்ளிரவில் தடுமாறி விழவைக்கும். சத்தமாகக் குறட்டை விட்டு மூச்சுத் திணறி எழுபவர்களுக்கு உறக்கத்தில் மூச்சுத்தடை இருக்கலாம். இந்த வயதில் அதுவும் கூடுகிறது.

நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், மருந்தின் மூலப்பொருள். ஒரு வகை ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கருவுற்ற குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுகிறது. தாவரப் பொருளிலிருந்து தயாராகும் எஸ்ட்ராடியால் பரவலாகக் கிடைப்பதால் அதைக் கேட்டு வாங்கலாம். சில புரோஜெஸ்ட்ரோன் மருந்துகள் ஜெலட்டின் உறையில் வருகின்றன. அதையும் மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுத் தெளியலாம். ரமளானில் பெரும்பாலும் ஒருவேளை மாத்திரையை இஃப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றிக்கொள்ள முடியும். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை நோன்பை முறிக்காது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

வீட்டிலுள்ள ஆண்களுக்கு

உறக்கமில்லாதவருக்கு எரிச்சல் வரும், மறதி வரும், அழுகையும் வரும். "முன்ன மாதிரி இல்லை, எதுக்கெடுத்தாலும் கோபம்" என்று கணவர் நினைக்கிறார். "என்னைப் புரிந்துகொள்ள யாருமில்லை" என்று மனைவி நினைக்கிறார். இருபத்தைந்து ஆண்டு இல்லறத்தில் விரிசல் விழுவது இப்படித்தான். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடையைப் போன்றவர்கள் என்று குர்ஆன் உவமிக்கிறது (2:187). வெப்பத்திலும் குளிரிலும் காப்பதுதானே ஆடை?

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. மின்விசிறியின் வேகத்துக்காகச் சண்டை பிடிக்காமல், குளிர்ந்தால் நாம் ஒரு போர்வை போர்த்திக்கொள்ளலாம். ஸஹருக்கான சமையல் முழுவதையும் அவர் தலையில் கட்டாமல் பிள்ளைகளும் மருமக்களும் பங்கிட்டுக்கொள்ளலாம். வளைகுடாவில் இருக்கும் மகன், தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா உம்மா?" என்று கேட்பதோடு, "ராத்திரி தூங்கினீங்களா?" என்றும் கேட்கலாம். கணவர், "வா, டாக்டரைப் பார்த்துட்டு வருவோம்" என்று தாமே முன்வந்து அழைத்துப் போகலாம்.

ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை இறக்கியிருக்கிறான் என்பது நபிமொழி தரும் நம்பிக்கை. இந்தப் பருவம் நோயல்ல. அல்லாஹ் பெண்களுக்கு விதித்த இயல்பான மாற்றம். ஆனால் அதில் வரும் துன்பத்துக்கு வழி தேடுவது நம் பொறுப்பு. இன்றிரவு நம் வீட்டில் யாராவது விளக்கைப் போடாமல் எழுந்து உட்கார்ந்திருந்தால், "என்ன செய்யுது?" என்று கேட்போம். நம் தாய்மார்களுக்கும் மனைவியருக்கும் சகோதரிகளுக்கும் அல்லாஹ் நல்ல உறக்கத்தையும் ஆஃபியத்தையும் தந்தருள்வானாக, ஆமீன்.