மைசூர்ப் பணமும் மேக்ரி சர்க்கிள் நெரிசலும்

மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் 94 கர்நாடகக் கீர்த்தனைகள் இயற்றியவர் என்பது சங்கீத ரசிகர்களுக்குத் தெரியும். மேற்கத்திய இசைத்தட்டுகளின்மேல் அவருக்கு இருந்த மோகம் அவ்வளவாகத் தெரியாது. கேட்க விரும்பியது தட்டாக வரவில்லையென்றால் வரவழைக்கவே பணம் கொடுத்தார். ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் படைப்புகள் எச்.எம்.வி. தட்டுகளில் ஏறியது அப்படித்தான். 1950 மே 22இல் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசி நான்கு பாடல்கள் லண்டனில் அரங்கேறின. ஃப்ளாக்ஸ்டாட் பாட, ஃபுர்ட்வாங்ளர் நடத்தினார். அதற்குப் பின்னாலும் மைசூர்ப் பணம் இருந்தது.

அதே இருவர் 1952இல் வாக்னரின் ‘டிரிஸ்டானும் இசோல்டேயும்’ ஆபராவை முழுமையாகப் பதிவு செய்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படைப்பு. பழைய 78 சுற்றுத் தட்டில் பக்கத்துக்கு நாலரை நிமிடம்தான். ஐம்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் தேவைப்பட்டிருக்கும். நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்ததால்தான் அது வீட்டுக்குள் வர முடிந்தது. வந்த பிறகும், கடல் கடந்து எது வந்து சேர்ந்ததோ அதுவே தேர்வு. வாங்கிய ஒன்றையே, பாடகர் மூச்சு வாங்கும் இடம்வரை மனப்பாடமாகும்படி ரசிகர்கள் கேட்டார்கள்.

மகாராஜா 1974இல் பெங்களூரு அரண்மனையில் காலமானார். இன்று அதே அரண்மனை மைதானத்தையொட்டி, மேக்ரி சர்க்கிள் நெரிசலில் நிற்கும் வாடகைக் காரில், அந்த ஆபராவின் நாயகி இசோல்டேயைத் தேடினால், அவளாகப் பாடியவர்கள் கைபேசியில் வரிசையாக வருகிறார்கள். 1952 பதிவின்போது ஃப்ளாக்ஸ்டாடுக்கு 56 வயது. எட்டாத உச்ச ஸ்வரங்களைப் பாடகி ஷ்வார்ஸ்கோஃப் பாடிக்கொடுத்தார். 1966இல் பைராய்ட் மேடையில் நில்சன். நடத்தியவர் கார்ல் பேம். கார்லோஸ் கிளைபரின் பதிவில் மார்கரெட் பிரைஸ். மேடையில் இசோல்டேயாக ஒருமுறைகூட நிற்காதவர். அரியக்குடியின் தோடியையும் ஜி.என்.பி.யின் தோடியையும் அடுத்தடுத்துக் கேட்பது போன்ற சுகம் இதில் உண்டு. முதன்முறை கேட்பவருக்கு நான் பேமைத்தான் சொல்வேன். வேகமும் மேடைச் சூடும் ஆளை இழுத்துக்கொள்ளும். ஃபுர்ட்வாங்ளர் அவசரமில்லாத இரவுக்கு.

ஒப்பிட இன்று அரச கஜானா தேவையில்லை. சிறிய மாதச் சந்தா போதும். ஆனால் முதல் காட்சி முடிவதற்குள் அடுத்த பதிவுக்குத் தாவிவிடுகிறோம். புதிதாகப் பதிவு செய்யப் பணம் போடுபவர்களும் அருகிவிட்டார்கள். டொமிங்கோவும் நீனா ஸ்டெம்மேயும் பாடி 2005இல் வந்த ‘டிரிஸ்டான்’தான் ஸ்டுடியோவில் செய்யப்படும் கடைசிப் பெரிய ஆபராவாக இருக்கலாம் என்று அப்போதே பேச்சு. இப்போது பெரும்பாலும் மேடை நிகழ்ச்சியையே பதிவு செய்து விற்கிறார்கள், இருமலோடும் கைதட்டலோடும்.