முட்டைக் கணக்கு சொன்ன உண்மை

போன வாரம் ஒரு நண்பர் கடைக்கு வந்தார். மூன்று வருடமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துபவர். "நானா, ஒருத்தனையும் நம்ப ஏலாது. கடையை மூடினா நல்லம் போல ஈக்கிது" என்று புலம்பினார். நான் ஒரேயொரு கேள்வி கேட்டேன். "நேத்து ராவு கடை மூடக்குள்ள எத்தனை முட்டை மிச்சம்?" அவருக்குத் தெரியவில்லை. ஒரு காலத்தில் எனக்கும் தெரியாதுதான். அதற்கு நான் கொடுத்த விலை சக வியாபாரிகளுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

2009 இல் எனது ஹோட்டலில் இரவு வியாபாரம் நன்றாகவே நடந்தது. கொத்து ரொட்டி போடும் சத்தம் பதினொரு மணி வரை ஓயாது. ஆனால் மாத முடிவில் கோழிக்காரருக்கும் மாவுக் கடைக்கும் கொடுக்கக் காசு இருக்காது. யாரோ கை வைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். சந்தேகம், பரிமாறும் ஒரு பொடியன் மீது விழுந்தது. வேலைக்கு வந்து நான்கு மாதம். ஊரோ தூரம். அவனுக்காகப் பேச அங்கே ஆளில்லை. ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் அவனது சட்டைப் பையைச் சோதித்தேன். 640 ரூபா இருந்தது. "முதலாளி, சாப்பிட வந்த ஆக்கள் தந்த டிப்ஸ்" என்று அழுதான். நான் கேட்கவில்லை. அன்றிரவே அனுப்பிவிட்டேன்.

அடுத்த மாதமும் அதே அளவு துண்டு விழுந்தது.

அப்போதுதான் எண்ணத் தொடங்கினேன். எல்லாவற்றையும் எண்ண முடியாது. முட்டையை எண்ணலாம். முதல் நாள் காலையில் 12 முட்டை இருந்தது, 5 தட்டு வாங்கினோம், ஆக 162. இரவில் பில்களைக் கூட்டிப் பார்த்தால் 104 முட்டை விற்றிருந்தது. ஊழியர் சாப்பாட்டுக்கு 12, உடைந்தது 2, மிச்சம் 18. மீதி 26 முட்டைக்குக் கணக்கில்லை. ஒரு கொத்துக்கு இரண்டு முட்டை என்றால் 13 கொத்தின் காசு லாச்சிக்கு வரவில்லை. தொடர்ந்து மூன்று இரவுகள் கிட்டத்தட்ட இதே கதைதான்.

வழி எங்கே என்று பார்த்தேன். ஓடர்கள் வாயால்தான் குசினிக்குப் போயின. எழுத்தில் எதுவுமில்லை. இரவில் பார்சல் வாங்குபவர்கள் பில் கேட்பதுமில்லை. அந்தக் காசை வாங்கியது கவுண்டரில் இருந்த எனது சொந்தக்காரர்.

அவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். மறுக்கவில்லை. "நீங்களும் லாச்சியால எடுக்கிறீங்க, எழுதுறல்ல. எனக்குச் சம்பளம் இவ்வளவு எண்டு ஒருநாளும் சொல்லவுமில்ல" என்றார். அவர் செய்தது பிழைதான், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவர் சொன்னதும் உண்மை. சொந்தக்காரன்தானே என்று அவருக்குச் சம்பளம் பேசாமலே விட்டிருந்தேன். மரக்கறிக்கு, வாகன எண்ணெய்க்கு, வீட்டுச் செலவுக்கு என்று நானே அள்ளி எடுத்தேன். முதலாளி எடுத்தது எவ்வளவு, களவு போனது எவ்வளவு என்று பிரித்தறிய முடியாத கடையில் கள்ளனுக்கு என்ன பயம்?

அதன் பின் செய்த மாற்றங்கள் பெரியவையல்ல. இலக்கமிட்ட துண்டு இல்லாமல் குசினியிலிருந்து எதுவும் வெளியே வராது. இரவில் துண்டையும் பில்லையும் ஒப்பிடுவோம். முட்டை, ரொட்டி உருண்டை, கோழித் துண்டு ஆகிய மூன்றையும் காலையிலும் இரவிலும் எண்ணுவோம். சாமான் வாங்குபவர் ஒருவர், நிறுத்து எடுப்பவர் இன்னொருவர். நான் நூறு ரூபா எடுத்தாலும் வவுச்சர் எழுதிக் கையொப்பமிடுவேன்.

சொந்தக்காரர் உட்பட எல்லோருக்கும் சம்பளம் பேசி, குறித்த திகதியில் கொடுத்தேன். பெயர்களைப் பதிந்து, ஊழியர் சேமலாப நிதிக்கு எனது பங்கு 12 வீதமும் அவர்களது பங்கு 8 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு எனது 3 வீதமும் கட்டத் தொடங்கினேன். இதைச் செலவு என்று பலர் தட்டிக் கழிக்கிறார்கள். சட்டக் கடமை என்பது ஒருபுறம். பதிவே இல்லாதவன் உங்கள் கடையைத் தனது கடையாக நினைக்கமாட்டான் என்பது மறுபுறம். களவு ஒரேயடியாக நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் நடந்தால் அடுத்த நாளே தெரியவரும். 2022 இல் சாமான் விலை ஏறியபோது எமது கடை தாக்குப்பிடிக்க அந்தக் கொப்பிகளும் ஒரு காரணம்.

அந்தப் பொடியனைத் தேடிப் பிடிக்க எட்டு மாதம் ஆனது. வேறொரு ஊரில் பேக்கரியில் வேலை செய்தான். கொடுக்காமல் விட்ட 11 நாள் சம்பளத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். காசை வாங்கிக்கொண்டான். திரும்பி வருகிறாயா என்று கேட்டதற்கு, "இல்ல முதலாளி, அங்க எல்லாரும் என்னைப் பாத்தாங்க" என்றான். அதற்கு என்னிடம் பதிலில்லை.

எனவே, ஊழியரின் சட்டைப் பையில் கை வைக்க முன் உங்கள் கொப்பியைத் திறந்து பாருங்கள். கொப்பி இல்லையென்றால் இன்றிரவு கடை மூடும்போது முட்டையிலிருந்து தொடங்குங்கள்.