திருத்த வேண்டாம், முதலில் பிரதி எடுங்கள்

சென்ற வருடம் வங்காலையில் ஒரு முதிய மீனவர் தன் வீட்டுத் திண்ணையில் இருந்து இரண்டு மணித்தியாலம் என்னோடு பேசினார். எருக்கலம்பிட்டி முஸ்லிம்களோடு செய்த கருவாட்டு வியாபாரம், பெருநாளைக்கு வந்த சாப்பாடு, நத்தாருக்கு அனுப்பிய பலகாரம், கடைசியாக 1990 ஒக்டோபர் என்று எல்லாம் சொன்னார். வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மாதம் அது.

அந்த ஒலிப்பதிவு ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. அது மேசையிலிருந்து விழுந்தது. கணனியில் செருகியதும் ‘டிக், டிக்’ என்று சத்தம். “பிழை இருக்கிறது, திருத்தவா?” என்று கணனி கேட்டது. ஓம் கொடுத்துவிட்டுப் படுத்தேன். சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால், நான் பெயரிட்டு வைத்த கோப்புகள் இல்லை. பெயரில்லாத துண்டுகள்தான் கிடந்தன. அன்று பின்னேரம் டிஸ்க் சுற்றுவதையே நிறுத்திவிட்டது.

ஏன் இப்படி? டிஸ்க்கின் பழுது இரண்டு வகை. கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற அட்டவணை குழம்புவது ஒன்று. உள்ளே இருக்கும் பொறி பழுதாவது மற்றது. விண்டோஸின் செக்டிஸ்க் போன்ற மென்பொருள்கள் முதலாவதற்காக உண்டானவை. அவற்றின் வேலை அட்டவணையை ஒழுங்காக்குவது. உங்கள் கோப்பைக் காப்பாற்றுவது அல்ல. பொருந்தாத பதிவை வெட்டிவிடும். உரியவர் தெரியாத துண்டுகளை வேறாக ஒதுக்கிவிடும். இவ்வளவையும் பழுதான அதே டிஸ்க்கின் மேலேயே எழுதும்.

பொறி பழுதென்றால் ஆபத்து இன்னும் கூட. நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றும் தட்டுக்கு மேலே வாசிக்கும் முனை சில நனோமீற்றர் உயரத்தில் மிதக்கிறது. இது தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. விழுந்து சேதமான முனையை இரவு முழுக்க ஓடவிட்டால் தட்டையே உராய்ந்துவிடலாம். உராய்ந்த இடத்தில் இருந்ததை எவராலும் மீட்க முடியாது.

ஆகவே, டிக் டிக் என்றோ கிறீச் என்றோ சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். எந்த மென்பொருளும் வேண்டாம். தரவு மீட்கும் நிபுணரிடம்தான் போக வேண்டும். வீட்டில் மூடியைத் திறந்தால் தூசு போகும்; குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் உள்ளே நீர் படியும். சத்தம் இல்லை, வாசிப்பதுதான் மெதுவாக இருக்கிறதென்றால், முதலில் முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். ஜி.என்.யூ. டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைப் பிறகு முயலும். திருத்தம், தேடல் எல்லாம் அந்தப் பிரதியில்தான். மீட்டெடுத்த கோப்பையும் பழைய டிஸ்க்கில் சேமிக்க வேண்டாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது வங்காலையில் கணனி திருத்தும் ஒரு தம்பி. “அண்ணன், சத்தம் கேட்டவுடனே கழற்றிக்கொண்டு வந்திருந்தா ஏதாவது பார்த்திருக்கலாம்” என்றார்.

வெளியேறியபோது உறுதியையும் படத்தையும் விட்டுவிட்டு வந்த சமூகம் நாங்கள். எங்களிடம் மிஞ்சியிருப்பது பெரியவர்களின் குரல்தான். அது அமானிதம். இரண்டு டிஸ்க்கில் வையுங்கள். மூன்றாவதை வேறொரு வீட்டில் வையுங்கள். அந்த மீனவர் மாசி மாதம் காலமாகிவிட்டார். டிஸ்க் நிற்பதற்கு முன் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது நத்தார் பலகாரத்தோடு முடிகிறது. 1990 பற்றி அவர் சொன்னது என் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது.