நெஞ்சு ஒப்பரேஷனுக்குப் பிறகு சோறு இறங்கவில்லையா?

இருதய சத்திர சிகிச்சை முடிந்து லயத்துக்குத் திரும்பியவர்கள், “வாயெல்லாம் கசக்குது, சோத்தப் பாத்தாலே கொமட்டுது” என்று சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். மயக்க மருந்தும் வலி மாத்திரைகளும் உடம்பு பட்ட பாடும் சேர்ந்து செய்கிற வேலை இது. பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். வீட்டார் பயந்து தட்டு நிறையச் சோறு போட்டு வற்புறுத்த வேண்டாம். கொஞ்சங் கொஞ்சமாக, நாளைக்கு ஐந்தாறு தடவை கொடுங்கள்.

நம்மிடையே பெரிய தொல்லை பத்தியந்தான். முட்டை, மீன் தின்றால் தையல் சீழ் பிடிக்குமாம்! வெறும் ரொட்டியும் சாயத்தண்ணியும் கொடுத்தால், அறுத்த நெஞ்செலும்பு எதைக் கொண்டு ஒட்டும்? அது ஒட்ட இரண்டு மூன்று மாதம் எடுக்கும். அவித்த முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாம் அதற்கு வேண்டும்.

ருசியில்லை என்று கருவாட்டையும் ஊறுகாயையும் தேடாதீர்கள். உப்பு உடம்பில் நீரைத் தேக்கும். தேசிக்காய், இஞ்சி, கொத்தமல்லி சேர்த்துப் பாருங்கள். மலச்சிக்கல் இருந்தாலும் பசிக்காது, வைத்தியரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

செயற்கை வால்வு பொருத்தி வோர்பரின் குடிப்பவர்கள் கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பாடு குறைந்தால் உடனே வைத்தியரைக் கேட்க வேண்டும்.

ஒரே நாளில் ஒரு கிலோ நிறை கூடினாலோ, கால் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ, கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.