தண்ணி மாத்திரையும் பஸ் காசும்

"மலை ஏறினா மூச்சு வாங்குது" என்று கொழுந்து பறிக்கும் ஒருத்தி சொன்னால் பதுளைத் தோட்டங்களில் யாரும் திடுக்கிடுவதில்லை. மலையில் வேலை செய்கிறவளுக்கு மூச்சு வாங்கத்தானே செய்யும். குளிர் காலத்தில் அதற்கு 'இழுப்பு' என்று பெயர் வந்துவிடுகிறது. தோட்ட டிஸ்பென்சரியில் இருமல் மருந்து கிடைக்கிறது. இரவில் ஒரு தலையணை இரண்டாகிறது, இரண்டு மூன்றாகிறது. பின்னேரமானால் செருப்புக்குள் கால் நுழைவதில்லை. பிறகு ஒருநாள் சாமத்தில், படுக்க முடியாமல் லயத்து வாசலில் உட்கார்ந்து தவிக்கும்போதுதான் ஓட்டோ தேடி ஆள் ஓடுகிறது.

இந்த நோய்க்கு இதயச் செயலிழப்பு என்று பெயர். 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று கேட்டதும் இதயம் நின்றுவிட்டதாகப் பல குடும்பங்கள் கலங்கிப்போகின்றன. இதயம் நிற்கவில்லை. உடம்புக்கு வேண்டிய அளவு இரத்தத்தைத் தள்ள அதற்குப் பலம் போதவில்லை. அதனால் நுரையீரலிலும் காலிலும் நீர் தேங்குகிறது. பழைய மாரடைப்பு, கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தம், சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் கெடுத்துவைத்த வால்வு, பல வருடக் குடி என்று காரணங்கள் பல. பிள்ளைப்பேற்றை ஒட்டியும் சில பெண்களுக்கு வரும். மூச்சு வாங்கல், அசதி, கால் வீக்கம் மூன்றும் சேர்ந்திருந்தால் இருமல் மருந்தோடு திரும்பாதீர்கள். ஈசீஜீயும் எக்கோ பரிசோதனையும் தேவையா என்று டொக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். பதுளைப் போதனா வைத்தியசாலை அரச வைத்தியசாலை. அங்கே சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

உதவி என்றதும் நம் மனதில் வருவது ஒப்பரேஷன். 'இதய சத்திரசிகிச்சைக்கு உதவுங்கள்' என்ற துண்டுப் பிரசுரத்தைப் பண்டாரவளை பஸ் நிலையத்தில் பார்க்காதவர் யார்? இலங்கையின் முதல் இதய மாற்றுச் சத்திரசிகிச்சை 2017 ஜூலையில் கண்டியில் நடந்தபோது நாடே பேசியது. சிறுவர்களின் இதயச் சிகிச்சைக்கென்று கொழும்பு சீமாட்டி றிஜ்வே வைத்தியசாலைக்காக 'லிட்டில் ஹார்ட்ஸ்' நிதி திரட்டப்பட்டது. இவையெல்லாம் பெரிய காரியங்கள். ஆனால் இதயச் செயலிழப்பு உள்ள பலருக்கு ஒரே நாளில் தீர்த்துவைக்கிற ஒப்பரேஷன் எதுவும் இல்லை. தினமும் மாத்திரை, தவறாத கிளினிக், குறைந்த உப்பு, இவற்றால் ஓடுகிற வாழ்க்கை அது. குடும்பத்தை முறிப்பதும் ஒரு பெரிய பில் அல்ல. மடுல்சீமையிலிருந்தோ பூனாகலையிலிருந்தோ பதுளைக்கு வந்துபோகும் பஸ் காசு, நோயாளியோடு துணைக்கு வருகிறவருக்கும் சேர்த்துப் போகும் இரண்டு 'பேர்', அதாவது இரண்டு நாட்சம்பளம், வைத்தியசாலையில் இல்லாததால் வெளியே வாங்கச் சொன்ன மருந்து. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. கிளினிக் நாளில் ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் சம்பளம் போகிறது என்பதை உதவ நினைக்கிறவர்கள் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதில் பேசக் கூச்சப்படும் விஷயம் ஒன்று உண்டு. நீர் இறங்கத் தருகிற 'தண்ணி மாத்திரை' போட்டால் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டும். தேயிலை மலையில் பெரும்பாலும் கழிவறை கிடையாது, பஸ்ஸிலும் கிடையாது. அதனால் வேலை நாளிலும் கிளினிக் நாளிலும் மாத்திரையை ஒளித்து வைத்துவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். டொக்டர் அதிகாரமாகக் கேட்டால் "போட்டேன் ஐயா" என்பார்கள். தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். மாத்திரை போடும் நேரத்தை அவர் மாற்றித் தரலாம். நீங்களாக நிறுத்தினால் நீர் மறுபடி ஏறும். மூன்று நாளுக்குள் எடை இரண்டு கிலோ கூடினால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கக் கூடாது. முதுகுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்லோஃபெனக், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் இந்த நோயைக் கூட்டும். கருவாடும் ஊறுகாயும் அப்படியே. சாமத்தில் மூச்சு முட்டினால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்சுக்குக் கட்டணம் இல்லை. தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் பக்கத்திலுள்ள கோயிலையோ பாடசாலையையோ சொன்னால் வண்டி வழி தவறாது.

இனிப் பணம். கையேந்துவதற்கு முன்னால் நமக்கென்று ஏற்கனவே சேர்ந்திருப்பதைக் கேட்போம் என்பதுதான் என் மன்றாட்டம்.

ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதுக்கும் பெண்கள் 50 வயதுக்கும் முன்னால் தொடவே முடியாது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நோயால் இனி வேலை செய்ய முடியாது என்று மருத்துவ ரீதியாக உறுதியானால் வயது பாராமல் முழுவதையும் கேட்கலாம். வேலையில் இருக்கும்போதே, பத்து வருடப் பங்களிப்பும் மூன்று இலட்சத்துக்குக் குறையாத மீதியும் இருந்தால், மருத்துவத் தேவைக்கு 30 வீதம் வரை எடுக்கவும் வழி இருக்கிறது. ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் இதய சத்திரசிகிச்சைக்கென்று தனி உதவி உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் வேலை செய்து விலகும் நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேர வேண்டும். நோய் வந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்குப் போகாமல் நின்றுவிடுவது வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். டொக்டரின் கடிதத்தோடு இலகு வேலை கேளுங்கள். முடியாவிட்டால் எழுத்தில் விலகுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பணிக்கொடையைக் கொடுக்க மறுத்தாலும் இழுத்தடித்தாலும் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். வழக்குக்குப் போக வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இந்த வழியில் காலை இடறும் கல் பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோல் பதிவில் துரையின் கிளார்க் எழுதிவைத்த இன்னொரு பெயர். மூச்சு வாங்கும் உடம்போடு ஒவ்வொரு கந்தோராக ஏறாமல், சுகமாக இருக்கும்போதே எல்லாப் பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, சேமலாப நிதியில் பின்னுரித்தாளர் பெயரையும் சரிபார்த்து வையுங்கள்.

சிகிச்சைக்கு உதவும் ஜனாதிபதி நிதியத்துக்குக் கொழும்பு வரை அலைய வேண்டியதில்லை. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். திகதி குறித்த சத்திரசிகிச்சை என்றால், செலவழித்துவிட்டுக் கேட்காமல் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். தமிழில் விண்ணப்பம் கேட்பது சலுகை அல்ல, உரிமை. அரசின் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தில் சிறுநீரக நோயாளிக்குத் தனிக் கொடுப்பனவு இருக்கிறது. இதய நோயாளிக்கு இல்லை. மலையக உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது.

அதற்குப் பிறகும் தர்மம் தேவைப்படும். வெட்கமில்லை. ஆனால் நோயாளியின் படத்தை எடுத்து வேறொருவரின் கணக்கிலக்கத்தைப் போட்டு முகநூலில் பரப்புகிற கூட்டமும் இருக்கிறது. கணக்கு நோயாளியின் பெயரிலோ வீட்டாரின் பெயரிலோ இருக்கட்டும். கிளினிக் கொப்பியின் பக்கங்களை அடையாள அட்டை இலக்கத்தோடு போடாதீர்கள். சங்கம் என்று சொல்லி வருகிறவரிடம் பதிவு இலக்கம் கேளுங்கள். 'வேலையை முடித்துத் தருகிறேன்' என்று கமிஷன் கேட்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

பிரிட்டனில் 'பம்பிங் மார்வலஸ்' என்ற அறநிறுவனத்தை ஆரம்பித்தவரே ஓர் இதயச் செயலிழப்பு நோயாளிதான். நோயாளிக்கு நோயாளி துணை என்பது அதன் அடிப்படை. நம் தோட்டங்களுக்கு இது புதிய யோசனையல்ல. எத்தனையோ டிவிஷன்களில் மரணாதார சங்கம் இருக்கிறது. செத்த வீட்டுக்கு அன்றைக்கே பணம் போய்ச் சேருகிறது. அதே கொப்பியில் கிளினிக் செலவுக்கென்று ஒரு பக்கம் திறந்தால், நூறு குடும்பம் மாதம் ஐம்பது ரூபா போட்டால், ஐயாயிரம் ரூபா. அடுத்த கிளினிக் திகதியை அந்தப் பக்கத்தில் எழுதிவைக்க, எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை போதும்.