புரட்டாசியில் பண்பொழி: காற்று திசை மாறும் மாதம்

ஆகஸ்ட் முடிந்ததும் தென்காசிக்காரர்களிடம் வெளியூர் உறவினர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "குற்றால சீசன் முடிஞ்சிருச்சா? இனிமே வந்தா அருவில தண்ணி விழுமா?" செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. முற்பகலில் தென்காசிக்கு அருகே உள்ள பண்பொழி திருமலைக்கோயில் மலைமேல் நின்றால் வெயில் உச்சந்தலையைப் பிளக்கும். அன்று மாலையே மேக்கரைப் பக்கம் இடி உருளும். புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பது பழமொழி. கேட்பதற்கு முரண்பாடாகத் தோன்றினாலும், அந்த வெயில்தான் இந்த மழைக்குக் காரணம்.

முதலில் சீசனில் விழும் சாரல் எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று, அரபிக்கடலின் ஈரத்தோடு மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறுகிறது. ஏறும் காற்று குளிரும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குறையும். மேகம் திரளத் தொடங்கியபின், நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பத்தால் அந்தக் குளிர்ச்சி 5, 6 டிகிரியாகச் சுருங்கும். மழையின் பெரும்பங்கைக் கேரளப் பக்கம் இறக்கிவிட்டு மலையைத் தாண்டும் காற்று, கிழக்கே இறங்கும்போது மீண்டும் கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறுகிறது. ஏறியபோது இழந்த வெப்பத்தைவிட இறங்கும்போது பெறுவது அதிகம். அதனால்தான் குற்றாலத்தில் நனைந்துகொண்டு கிளம்பும் பேருந்து, ஆலங்குளம் போய்ச் சேரும்போது காய்ந்து கிடக்கும் சாலையில் ஓடுகிறது.

மலை எங்கும் ஒரே உயரத்தில் இருந்திருந்தால் பண்பொழிக்கும் அந்த வறட்சிதான் வாய்த்திருக்கும். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மலைத்தொடர் தாழ்ந்து கணவாயாகிறது. கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு 1904-இல் ரயில் வந்தது இந்த வழியாகத்தான். மேற்கிலிருந்து வரும் மேல்காற்றும் இதே இடைவெளியில் நெருக்கிக்கொண்டு வேகமெடுத்து நுழைகிறது. சுரண்டை வட்டாரத்துக் காற்றாலைகள் சுழல்வது அதன் பலத்தில்தான். முகட்டைத் தாண்டி வழியும் மேகத்தின் நுண்துளிகளும் காற்றோடு சேர்ந்தே வருகின்றன. சாரல் துளியின் விட்டம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. விழும் வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டாது. அதனால் அது நேராக விழாமல் காற்றில் மிதந்து பக்கவாட்டில் வந்து முகத்தில் படுகிறது. குடை பிடித்தும் நனைவது இதனால்தான்.

செப்டம்பரில் இந்த ஏற்பாடு தளரத் தொடங்குகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்குப்படி, தென்மேற்குப் பருவமழை வடமேற்கு இந்தியாவிலிருந்து பின்வாங்கத் தொடங்கும் சராசரி நாள் செப்டம்பர் 17. நாட்டை விட்டு முழுதாக விலகுவது அக்டோபர் 15 வாக்கில். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவது ஏறத்தாழ அக்டோபர் 20. இடையில் மேல்காற்று மெலிகிறது. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று இன்னும் வந்து சேரவில்லை.

இந்த இடைவெளியில் வானிலையை நடத்துவது சூரியன். பண்பொழி ஏறக்குறைய 9 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே நண்பகல் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வருகிறது: ஏப்ரல் நடுவில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை. முதல் முறை வந்ததும் கோடை இடிமழை. இரண்டாம் முறை வந்த சில வாரங்களில் புரட்டாசி இடிமழை. முற்பகல் வெயிலில் தரை சூடேறி, ஈரக்காற்று செங்குத்தாக எழும்புகிறது. பதினொரு மணிக்கு மலைமுகட்டில் பஞ்சாகத் தெரிந்த மேகம், மூன்று மணிக்குள் பத்து கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து அடிவயிறு கறுத்து நிற்கும். திடீரென்று ஒரு குளிர்ந்த காற்று புழுதியைக் கிளப்பும். அதன்பின் விழும் துளிகள் 5 மில்லிமீட்டர் வரை பருத்தவை. நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் இறங்கும். சாரல் நாள் முழுக்கத் தூவும். இடிமழை ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும்.

இந்த மாதங்களில் கடலும் இன்னும் ஆறியிருக்காது. ஜப்பானின் ஒகினாவா போன்ற மிதவெப்பத் தீவுகளில் செப்டம்பரிலும் கடல் வெதுவெதுப்பாக இருக்கும், நீந்தலாம்; ஆனால் சூறாவளிக் காலமும் அதுவே. அட்லாண்டிக் புயல் பருவம் உச்சத்தைத் தொடுவது செப்டம்பர் 10-ஐ ஒட்டி. நிலத்தைவிடக் கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறுவதே காரணம்.

வங்கக்கடலும் அப்படித்தான். அக்டோபரில் வாடை அதன் ஈரத்தைச் சுமந்து வரும்போது பண்பொழியின் நிலை தலைகீழாகிறது. தென்மேற்குக் காற்றுக்கு மலையின் மறைவில் இருந்த ஊர், இப்போது காற்று வந்து மோதும் பக்கத்தில் நிற்கிறது. கார் நெல் அறுவடை முடிந்து பிசானச் சாகுபடிக்கு நாற்றங்கால் போடும் விவசாயி எதிர்பார்ப்பது இந்த மழையைத்தான். அது அளவு மீறினால் என்ன ஆகும் என்பதைத் தென்மாவட்டங்கள் 2023 டிசம்பரில் பார்த்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது.

சுற்றுலா வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். குற்றாலத்து அருவிகளின் நீர்ப்பிடிப்பு குறுகியது, செங்குத்தானது. மேலே மலையில் பெய்யும் இடிமழை கீழே குளிப்பவர் கண்ணுக்குத் தெரியாது; வெள்ளம் நிமிடங்களில் வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோனது. அது கோடை இடிமழைக் காலம். புரட்டாசி மழையும் அதே வகைதான். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ உடனே கரையேற வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள நொடிகளை மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டரில் விழுந்தது என்பது தெரியும். இடிச் சத்தம் காதில் கேட்டாலே மலை உச்சியையும் மரத்தடியையும் விட்டு விலகிவிடுவது நல்லது.

புரட்டாசியில் தாராளமாக வாருங்கள். கூட்டம் குறைவு, வயல் பச்சை, அடவிநயினார் அணைப் பக்கம் மலை தெளிவாகத் தெரியும். திருமலைக்கோயிலையும் அருவிக் குளியலையும் நண்பகலுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். குளிக்கத் தடை என்று போலீசார் கயிறு கட்டியிருந்தால், வெயில் அடிக்கிறதே என்று அவர்களிடம் வாதாடாதீர்கள். வெள்ளத்தை அனுப்பும் மழை நீங்கள் நிற்கும் இடத்தில் பெய்ய வேண்டியதில்லை.